ஐந்நூறாவது பில்

இந்த வழக்கைத் தீர்க்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. காதைக் கொடுத்துக் கேட்டால் போதும். தீர்ப்பை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

திண்டுக்கல்லில் பெருமாள்சாமி என்பவர் புதிதாகப் பாத்திரக் கடை திறந்தார். பழைய கடையில் இருபது வருடம் நோட்டை எண்ணி, சில்லறைக்கு அலைந்து சலித்தவர். அதனால் புதுக் கடையில் கல்லாப்பெட்டியே வைக்கவில்லை. ‘இங்கே ரொக்கம் வாங்குவதில்லை. கைபேசியிலோ அட்டையிலோ பணம் செலுத்தவும்’ என்று வாசலில் ஒரு பலகை. பக்கத்திலேயே இன்னொன்று: ‘ஐந்நூறாவது பில்லுக்கு உரியவருக்குக் கிரைண்டர் பரிசு.’ எத்தனையாவது பில் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. ஐந்நூறு வந்தால் மணி அடிக்கும்படி கணினியில் ஏற்பாடு செய்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குச் செவ்வந்தி வந்தாள். ஆட்டுக்கல்லில் கையால் மாவாட்டி, தெருத்தெருவாக இடியாப்பம் விற்பவள். முந்தின நாள்தான் அவளுடைய பெரிய பானை அடியில் ஓட்டை விழுந்திருந்தது. மறுநாள் ஒரு வளைகாப்பு வீட்டுக்கு இருநூறு இடியாப்பம் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாள். நான்கு கடை ஏறி இறங்கி, அந்த அளவுப் பானை இங்கேதான் கிடைத்தது. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஆயிரத்து எண்ணூறு ரூபாயை நீட்டினாள்.

பெருமாள்சாமி சங்கடத்தோடு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “நோட்டு வாங்குறதில்லம்மா. போன்ல போடுங்க.”

“என்கிட்ட பட்டன் போன்தாண்ணே. இது நல்ல நோட்டுதான், வெளிச்சத்துல பாருங்க.”

“நோட்டுல குத்தமில்லம்மா. கடை வழக்கம் அப்படி.”

செவ்வந்தி பானையை அணைத்தபடி ஓரமாக ஒதுங்கி நின்றாள். வைத்துவிட்டுப் போகவும் மனமில்லை.

அவளுக்கு அடுத்து நின்றவள் பிலோமினா. அரசு மருத்துவமனையில் நர்ஸ். வீட்டுக் கிரைண்டர் பழுதாகி மூன்று மாதமாகப் பாக்கெட் மாவில் காலம் தள்ளிக்கொண்டிருப்பவள். தான் எடுத்த வடிதட்டுக்குக் கைபேசியில் பணம் போட்டாள். பில்லை வாங்கித் திரும்பியவள் கண்ணில் செவ்வந்தி பட்டாள். விஷயத்தைக் கேட்டாள்.

“இதுக்கா நிக்கிறீங்க? நான் போன்ல போடுறேன், காசை என்கிட்ட கொடுங்க” என்றாள்.

ஆனால் அதற்குள் வரிசையில் அடுத்து நின்ற யாசின் தன் பால் குக்கரை மேசைமேல் வைத்துவிட்டான். இரண்டு மாதத்துக்கு முன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவன். வீட்டில் அரைக்க ஒரு சாதனமும் கிடையாது. அவன் குக்கரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான். “அக்காவுக்கு முதல்ல போடுங்கண்ணே. ரொம்ப நேரமா நிக்கிறாங்க.”

பிலோமினா பணம் போட்டாள். செவ்வந்தியின் நோட்டுகளை எண்ணி வாங்கிக் கைப்பையில் வைத்தாள். பில் வெளியே வந்தது. கூடவே மணி அடித்தது.

பெருமாள்சாமி எழுந்து நின்று கைதட்டினார். பெட்டியோடு கிரைண்டரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்த பிறகுதான் அவருக்கே சந்தேகம் வந்தது. “பில்லுல இருக்கிறது சிஸ்டரோட போன் நம்பர். காசு இந்தம்மாவோடது. முறை தம்பியோடது. நான் இதை யார் கையில கொடுக்கிறது?”

மூவருக்கும் அது தேவை. மூவர் கண்ணும் பெட்டியின்மேல் ஒருமுறை போய் வந்தது. ஆனாலும் ஒருவர்கூடக் கையை நீட்டவில்லை.

செவ்வந்தி சொன்னாள்: “சிஸ்டருக்குக் கொடுங்க. என் நோட்டைத்தான் வேண்டாம்னீங்களே, அப்புறம் இது எப்படி என் பில்லாகும்? அப்பவே வாங்கியிருந்தா என் வேலை முந்தியே முடிஞ்சு, அடுத்து நின்ன இவங்களுக்குத்தான் மணி அடிச்சிருக்கும்.”

பிலோமினா தலையாட்டி மறுத்தாள். “நான் போட்ட பணத்தை அப்பவே வாங்கிட்டேன். தம்பி வழிவிடலேன்னா அவருதான் ஐந்நூறாவது. அவருக்குக் கொடுங்க. புதுசாக் குடும்பம் நடத்துற பிள்ளை.”

யாசின் சிரித்துவிட்டான். “நல்லாயிருக்கே! பானையும் அக்காவோடது, காசும் அக்காவோடது. நான் எதுக்கு நடுவுல? அக்காவே எடுத்துட்டுப் போகட்டும்.”

இப்படி ஒருவர் இன்னொருவரைக் காட்ட, அவர் வேறொருவரைக் காட்ட, பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது. வரிசையில் நின்றவர்கள் பொருளை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். பெருமாள்சாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மூவரில் யார் சொன்னது சரி? கிரைண்டர் யாருக்கு உரியது?

விடை: யாசின் சொன்னதே சரி, கிரைண்டர் செவ்வந்திக்கு உரியது. எண் தெரியாமல் மனமார விட்டுக்கொடுத்தவன் யாசின். கொடுத்த இடத்தோடு அதில் வந்த அதிர்ஷ்டமும் போய்விட்டது. பிலோமினா செய்தது பெரிய உதவிதான். ஆனால் நோட்டை வாங்கிய கணத்திலேயே பானைக்கு விலை கொடுத்தவள் செவ்வந்தி என்றாகிவிட்டது. ‘என் காசை மறுத்தார்களே’ என்ற செவ்வந்தியின் வாதமும் நிற்காது. கடை மறுத்தது நோட்டைத்தான், அவளை அல்ல. இன்னொருவர் கைபேசி வழியாக வந்த அவள் பணத்தை வாங்கிக்கொண்டு, பானையை அவள் கையில்தானே கொடுத்தது? பெருமாள்சாமியும் கடைசியில் அப்படியே தீர்த்தார். செவ்வந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வீட்டாளுங்களோட சாப்பிட வரணும். வரலேன்னா இது இங்கேயே கிடக்கட்டும்” என்றாள். பிலோமினாவும் யாசினும் வருவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் பெட்டியைத் தொட்டாள்.