கீழே இறங்க மேலே ஏறிய வண்டி

அருவிமலைக் காட்டின் அடிவாரத்தில் ஊசியன் என்ற முள்ளம்பன்றி பேட்டரி கார் ஓட்டிப் பிழைத்து வந்தது. குளத்துக்குப் போகும் முயல்கள், மகள் வீட்டுக்குப் போகும் உடும்புகள், வைத்தியரிடம் போகும் நோயாளிகள், எல்லாருக்கும் ஊசியன் கார்தான். உச்சி வெயிலில் பாறைமேல் இருந்த சோலார் தகட்டோடு காரை இணைத்துவிட்டு அது ஒரு தூக்கம் போடும். எழுந்திருக்கும்போது காருக்கும் வயிறு நிறைந்திருக்கும்.

ஒருநாள் தோகையன் என்ற மயில் பளபளப்பான வேனில் வந்து இறங்கியது.

“என்ன ஊசியா, உன் கார் இன்னும் தூங்குகிறதா?”

“சார்ஜ் ஏறுகிறது அண்ணே.”

“அடப் பாவமே! என் வேனைப் பார்! ஹைட்ரஜன் வாயுவில் ஓடுகிறது. ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் வாயுவை நிரப்பிவிடலாம். காடு முழுக்கச் சுற்றலாம். புகையே கிடையாது. பின்னால் தண்ணீர்தான் சொட்டும்!”

ஊசியன் குனிந்து பார்த்தது. ஆமாம், தண்ணீர் சொட்டியது! தன் காரும் புகை விடாது என்பது அந்த நேரத்தில் அதற்கு நினைவே வரவில்லை.

“உனக்கு ஆசையாக இருந்தால் சொல். உன் காரைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள். நீ என் தம்பி மாதிரி!” என்றது மயில்.

மயில் மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில் ஊசியன் அவசர அவசரமாகச் சாவியை நீட்டியது.

கொஞ்ச நாள் ஊசியனுக்குத் தலைகால் புரியவில்லை. வேண்டுமென்றே வேனை நிறுத்தி, சொட்டும் தண்ணீரை எல்லாருக்கும் காட்டியது. பிறகு வாயு குறைந்தது. எங்கே நிரப்புவது என்று விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. காட்டுக்கே ஒரே நிலையம்தான். அதுவும் மலை உச்சியில், அருவிக்குப் பக்கத்தில்! அருவியில் எடுக்கும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து அங்கே வாயு செய்கிறார்கள். நிரப்பிக்கொண்டு கீழே வந்தாலும், மறுபடி மலை ஏறுவதற்கென்று ஒரு பங்கை எப்போதும் மிச்சம் வைக்க வேண்டியிருந்தது.

மயில் ஏன் அவ்வளவு பாசம் காட்டியது என்று ஊசியனுக்கு இப்போது புரிந்தது.

ஒரு நாள் காலை, செம்பி என்ற கௌதாரி அலறிக்கொண்டு ஓடி வந்தது. அதன் குஞ்சைச் செங்குளவி கொட்டியிருந்தது. முகம் வீங்கி, ஒரு கண் மூடிவிட்டது.

“ஊசியண்ணே, ஆமை வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்!”

ஊசியன் வேனில் வாயு அளவைக் காட்டும் முள்ளைப் பார்த்தது. அது அடியில் கிடந்தது. வேறு வழியில்லாமல் வேனை மலைப்பக்கம் திருப்பியது.

“வைத்தியர் வீடு கீழே ஆற்றங்கரையில் அல்லவா இருக்கிறது! ஏன் மேலே போகிறீர்கள்?” என்று கத்தியது செம்பி.

“கீழே போக வேண்டுமானால் முதலில் மேலே போக வேண்டும் அக்கா!” என்ற ஊசியனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பாதி மலையில் வேன் முனகி நின்றது. அந்த வளைவில் ஏற்கெனவே இன்னொரு வேன் நின்றிருந்தது. அது வாழைத்தார்கள் குவிந்த பேட்டரி வேன். பக்கத்தில் மலையன் என்ற காட்டெருமை பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“எனக்கு வாயு தீர்ந்துவிட்டது. உங்களுக்கு என்ன அண்ணே?”

“சார்ஜ் தீரப்போகிறது. இத்தனை பாரத்தோடு தினமும் மலை ஏறினால் எந்த பேட்டரி தாங்கும்? பெரிய பேட்டரி வைத்தால் அதுவே ஒரு பாரம்! சார்ஜ் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பழமெல்லாம் கூழாகிவிடுகிறது.”

ஊசியனின் முட்கள் சிலிர்த்தன. “கொஞ்சமாவது சார்ஜ் இருக்கிறதா?”

“துளி இருக்கிறது. ஏறப் போதாது.”

“ஏற வேண்டாம், இறங்குவோம்! இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க, சக்கரம் சுற்றுகிற வேகத்தில் பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் திரும்பி வரும். கீழே ஆற்றங்கரை வரை ஓட அது போதும். பழத்தை இறக்குங்கள் அண்ணே!”

“பழத்தை விட்டுப் போனால் குரங்குகள் தோலைத் தவிர ஒன்றும் வைக்காதே!” என்று தயங்கியது மலையன். குஞ்சின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டுத் தார்களை இறக்கியது.

எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பேட்டரி வேன் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆமை வைத்தியர் பச்சிலை அரைத்துப் பூசினார். மாலைக்குள் குஞ்சு கண் திறந்து, “பசிக்குது!” என்றது. செம்பி சிரித்துக்கொண்டே அழுதது.

செய்தி பரவி, ஒரு காட்டுப்பன்றி அங்கே வந்தது. “உன்னிடம் ஹைட்ரஜன் வேன் இருக்கிறதாமே! எனக்குத் தருகிறாயா?”

மயில் சொன்னதெல்லாம் ஊசியனின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கொஞ்சம் புகழ்ந்தால் போதும், தொல்லை தீர்ந்தது! ஆனால் குஞ்சின் வீங்கிய முகம் நினைவில் வந்து நின்றது.

“வேண்டாம் அண்ணே. அதை நிரப்ப மலை உச்சிக்குப் போக வேண்டும். மின்சாரம் வாயுவாகி, வாயு மறுபடி மின்சாரமாகித்தான் சக்கரம் சுற்றும். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் வீணாகும். அடிவாரத்தில் இருக்கிறவனுக்கு அது ஆகாது.”

காட்டுப்பன்றி நடையைக் கட்டியது. காதை ஆட்டிக்கொண்டிருந்த மலையன் துள்ளி எழுந்தது.

“உச்சியிலா? அருவிக்குப் பக்கத்திலா? அடேய், நான் தினமும் பழம் இறக்குவதே அங்கேதானடா! பாரம் தாங்குமா?”

“நன்றாகத் தாங்கும்! நிரப்புவதும் நொடியில் முடியும்.”

“அப்படியானால் என் வேன் உனக்கு, உன் வேன் எனக்கு!”

மறுநாள் மலையன் பாதி மலையில் நின்றிருந்த ஹைட்ரஜன் வேனை முட்டி முட்டியே உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போனது. அன்றிலிருந்து பழம் கூழாகவில்லை. ஊசியனின் வேனோ அடிவாரத்தில் முயல்களை ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் ஓடியது.

நீதி: அடுத்தவர் புகழும் வண்டியைப் பார்த்து மயங்காதே, நீ போகும் வழியைப் பார்த்து உன் வண்டியைத் தேர்ந்தெடு.