அறுபதுக்கு மேல் பேசிக்கொள்ளலாம்

வைத்தியலிங்கம் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கணக்கு அதிகாரி. பென்ஷன் இல்லாத வேலை. அதனால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகளாகப் போட்டு வைத்திருந்தார். மனுஷர் கெட்டிக்காரர்தான், அதில் குறை சொல்ல முடியாது.

ஊருக்கு வெளியே மலையடிவாரத்து மடத்தில் இருந்த முத்துவடிவம்மாள்தான் அவருக்குக் குரு. அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் வைத்தியலிங்கம் வாய் நிறைய "தாயே" என்றுதான் கூப்பிடுவார். அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமியன்று யாரும் ஒரு கேள்வி கேட்கலாம். அம்மாள் ஒரே ஒரு முறை பதில் சொல்வார். திருப்பிச் சொல்கிற பேச்சே கிடையாது.

ஒரு பௌர்ணமிக்கு மனைவி மரகதத்தையும் கூட்டிக்கொண்டு போனார்.

"வாங்க மரகதம், சௌக்கியமா?" என்றார் அம்மாள்.

மரகதம் சிரித்தாள். பதில் சொல்லவில்லை.

"அவளுக்குக் காது மந்தம் தாயே," என்றார் வைத்தியலிங்கம். "ரெண்டு வருஷமா இப்படித்தான். மெஷின் வைக்கணுமாம். இப்படியே விட்டா, பின்னால மெஷின் வச்சாலும் பேச்சு சரியா விளங்காதுன்னு டாக்டர் பயமுறுத்தறார்."

"வைக்கலியா?"

"பிரீமியம் கழுத்தை நெரிக்குது தாயே. ஒண்ணை நிறுத்தினாலும் மொத்த ஏற்பாடும் ஆட்டம் கண்டுடும். அறுபதுல பணம் வரட்டும், உசத்தியாவே ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன்."

அம்மாள் மரகதத்தை ஒரு முறை பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"சரி, உங்க கேள்வி என்ன?"

வைத்தியலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்காகத்தானே வந்தார்!

"அறுபதுக்கு மேல மாசாமாசம் பணம் வரும். ஒரு பைசா வரி கிடையாது. நடுவுல நான் போயிட்டா மரகதத்துக்கு வந்துடும். இத்தனை வருஷம் மில்லு மில்லுன்னே ஓடிட்டேன், இவகூட உட்கார்ந்து பேச நேரமே இல்லை. அப்போ காலையில காபியோட உட்கார்ந்தா மத்தியானம் வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கலாம். எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கேன் தாயே. அப்படியும் மனசுல நிம்மதி இல்லை. எதை விட்டுட்டேன்?"

அம்மாள் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு உதடுகள் அசைந்தன. நிதானமாக, நீளமாக ஏதோ சொன்னார். கையைக்கூட அசைத்து விளக்கினார். ஆனால் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

வைத்தியலிங்கம் முன்னால் குனிந்தார். காதருகே கையைக் குவித்தார். அதற்குள் அம்மாள் முடித்துவிட்டார்.

"கேக்கலையே தாயே."

"ஒண்ணுமில்லை, விடுங்க."

"என்ன சொன்னீங்க?"

"அப்புறம் சொல்றேன்."

வைத்தியலிங்கத்துக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்று வெட்கமாக இருந்தது. ஐம்பத்தாறு வயது மனுஷரை இப்படியா நடத்துவது?

"எதிர்லயே உட்கார்ந்திருக்கேன். ஒரு ஆளா மதிக்காம இப்படிச் சொன்னா எப்படி? பெரிய மனசு பண்ணி இன்னொரு தரம் சொல்லுங்க."

அம்மாள் தலையசைத்து மறுத்தார். வழக்கம் வழக்கம்தான்.

மரகதம் கணவரின் சட்டையைத் தொட்டாள். "என்னங்க, அம்மா என்ன சொன்னாங்க?" என்று உரக்கக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லை," என்று கையை வீசிவிட்டார். எரிச்சலில் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மரகதம் மறுபடியும் சிரித்தாள். அவர் முகத்தையும் அம்மாள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி, எல்லாம் புரிந்தவள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தாயே, மனசு தாங்கலை," என்றார் வைத்தியலிங்கம். குரல் உடைந்துவிட்டது. "சொன்னது என்னன்னே தெரியாம, பக்கத்துல இருந்தும் தனியா விட்ட மாதிரி இருக்கு. இப்படியே ஒரு மனுஷன் எப்படி நாளை ஓட்டுறது?"

முத்துவடிவம்மாளின் கண்கள் மரகதத்தின் மேல் நின்றன.

"அதை உங்க வீட்டம்மாவைக் கேளுங்க," என்றார். "காதுல விழற மாதிரி கேளுங்க."