பத்தரை மணிப் பொட்டல்

சீடனுக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு நாற்பத்தொன்று. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் நடந்த கதை என்பதால் இப்படி. காட்டில் ஆசிரமம் கட்டி நடந்திருந்தால் வயது இடம் மாறியிருக்கும்.

குருவின் பெயர் பிலோமினா. செயற்கைக்கோள் மேலேயிருந்து எடுக்கும் படங்களை வாங்கி, அதில் என்ன தெரிகிறது என்று கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்வது அவர் தொழில். தோப்பில் எத்தனை தென்னை நிற்கிறது, கடல் எவ்வளவு கரையைத் தின்றிருக்கிறது, போட்டதாகச் சொல்லப்படும் ரோடு உண்மையிலேயே போடப்பட்டிருக்கிறதா, இந்த மாதிரிக் கேள்விகள். பதினெட்டு வருடமாகச் செய்கிறார். கதவில் 'ஆலோசகர்' என்று பலகை தொங்கும். கீழே மருந்து வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்து நாக்கை நீட்டுவதும் உண்டு.

சீடன் பெயர் குற்றாலிங்கம். முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வரைபடம் வரைந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நேரே இந்த மாடிக்கு வந்து, "எனக்கும் இதைச் சொல்லிக் குடுங்க, டீச்சர்" என்று நின்றார். அன்று முதல் பிலோமினா அவருக்கு டீச்சர். அவர் பிலோமினாவுக்கு அண்ணாச்சி.

எட்டு மாதத்தில் குற்றாலிங்கம் நன்றாகவே தேறினார். கண் கூர்மை. பொறுமை அதைவிட அதிகம். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்குப் பொறுமை கிடையாது. மாதம் பிறந்தால் அதே கேள்வியோடு வந்து நிற்பார்.

"நான் எப்ப டீச்சர் தனியாத் தொழில் பண்ணலாம்?"

கேட்பதற்கு முன்பே விசிட்டிங் கார்டு ஐந்நூறு அடித்து வைத்திருந்தார் என்பது பிலோமினாவுக்கும் தெரியும்.

ஒன்பதாவது மாதம் பிலோமினா சொன்னார்:

"ஒரு அறிக்கையை நீங்களே முழுசா எழுதுங்க, அண்ணாச்சி. நான் ஒரு வரி திருத்தாம அது வெளிய போற மாதிரி இருந்தா, உங்க பேர்லயே போகட்டும். அதுக்கப்புறம் உங்க போர்டை நீங்க மாட்டிக்கலாம்."

வேலையும் தோதாக வந்தது. ஒரு கம்பெனி குளிர்பதனக் கிடங்கு கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தது. பூவாணிபுரத்துக்கு வெளியே, பெரிய ரோட்டை ஒட்டி ஐந்து ஏக்கர் பொட்டல். சொந்தக்காரர் எங்கோ வடக்கே இருந்தார். விற்கச் சம்மதம். கம்பெனி கேட்டது ஒன்றே ஒன்று: அந்த இடத்தை யாராவது பயன்படுத்துகிறார்களா? ஆள் புழக்கம் இருந்தால் தகராறு வரும், எங்களுக்கு வேண்டாம், எதிர்ப்பக்கம் இன்னொரு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். யாரும் இல்லையென்றால் அடுத்த மாதமே வேலி போட்டுவிடுவோம்.

குற்றாலிங்கம் இரண்டு வருடத்துப் படங்களை வரவழைத்தார். மேகம் மறைத்ததையெல்லாம் தள்ளியது போக நாற்பத்தொரு படம் மிஞ்சியது. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி மூலை முடுக்கெல்லாம் துழாவினார். பத்து நாள் வேலை. பதினோராவது நாள் அறிக்கையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது, பரீட்சை முடித்துவிட்டு மற்றவர்களுக்கு முன்னால் எழுந்து போகிற பையனைப் போல இருந்தார்.

பிலோமினா வாசித்தார்.

"என்ன பாத்தீங்க?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நாப்பத்தொரு படம். ஒரு கொட்டகை இல்ல, ஒரு வண்டி இல்ல, ஒரு ஆடு இல்ல. சுத்தமான பொட்டல்."

"ஒண்ணுமே இல்லையா?"

"புல்லு பூண்டுகூட இல்லைங்கேன்."

"அதை எழுதியிருக்கீங்களா?"

"இல்லையே."

"எழுதுங்க."

குற்றாலிங்கம் மகிழ்ச்சியோடு அந்த வரியையும் சேர்த்தார். 'புல் பூண்டுகூட இல்லை.' அறிக்கைக்கு அது தனிக் கம்பீரம் கொடுத்ததாக அவருக்குத் தோன்றியது.

"மழை எப்படி?" என்றார் பிலோமினா.

"ரெண்டு வருசமும் ஐப்பசி கார்த்திகைல நல்ல மழை. சுத்தி எல்லாம் பச்சைப் பசேல்னு கெடக்கு."

"இதுல மட்டும் ஏன் முளைக்கல?"

"உவர்மண்ணா இருக்கும்."

"இருக்கலாம்" என்றார் பிலோமினா. "நாளைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம். பத்தரைக்கு அங்க இருக்கணும்."

படம் எடுக்கிற செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே காலை பத்தரை வாக்கில்தான் கடக்கும். என்றைக்கு வந்தாலும் அந்த நேரம்தான். வெயிலும் நிழலும் ஒரே மாதிரி விழுந்தால்தான் ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியும் என்று அப்படி அனுப்பி வைத்திருக்கிறார்கள். குற்றாலிங்கத்துக்கு முதல் நாள் பாடமே அது.

மறுநாள் பிலோமினாவின் பழைய காரில் போனார்கள். பத்து இருபதுக்குப் பொட்டல் வந்தது. ஓரத்தில் முள்ளும் பொடியிலையுமாக ஒரே ஒரு உடைமரம். மற்றபடி ஐந்து ஏக்கரும் துடைத்து வைத்த மாதிரி கிடந்தது. ஒரு காகிதத் துண்டு கிடையாது. குற்றாலிங்கத்துக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

"பாருங்க டீச்சர். என் படத்துக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் சொல்லுங்க பாப்போம்."

"ஒண்ணுமில்ல. அச்சு அசல்" என்றார் பிலோமினா. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணாந்து பார்த்தார். "இன்னைக்கு நம்ம ரெண்டு பேரும் படத்துல விழுவோம்."

"அப்ப கெளம்புவோமா?"

"எலுமிச்சம்பழச் சாதம் கொண்டாந்திருக்கேன். சாப்பிட்டுப் போவோம்."

"மணி பத்தரைதானே ஆகுது?"

"பசிக்கும்போது சாப்பிடுவோம்."

உடைமரத்தின் நிழல் நிழல் என்ற பேருக்குத்தான். அதில் இருவரும் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்றரைக்குச் சாப்பிட்டார்கள். பிலோமினா காரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். குருமார்கள் தூங்கினால் அதற்கும் ஏதாவது அர்த்தம் இருக்கும் என்று நினைக்கிறோம். வெயில் நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டால் யாருக்கும் தூக்கம் வரும்.

மூன்று மணிக்கு ஒரு பெண் சைக்கிளில் வந்து இறங்கினாள். பின்னால் நீளநீளமாக முருங்கைக்காய்க் கட்டுகள். கீழே இறக்கினாள், ஒரு சாக்கை விரித்தாள், உட்கார்ந்தாள். பொட்டலில் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம், ஆனால் அவள் யோசிக்காமல் ஒரு இடத்துக்குப் போய் உட்கார்ந்ததைக் குற்றாலிங்கம் கவனித்தார்.

பிறகு இரண்டு தள்ளுவண்டி. ஒரு குட்டியானை வேன் நிறையக் கத்தரிக்காய். மூன்றரைக்கெல்லாம் நாலு திசையிலிருந்தும் வரத் தொடங்கிவிட்டார்கள். வெண்டை, பச்சை மிளகாய், வாழைத்தார், கீரைக்கட்டு. காலையில் தோட்டத்தில் பறித்து, மதியம் கட்டி, இங்கே கொண்டுவந்து இறக்குகிறார்கள். நாலரைக்குக் கேரளாவுக்குப் போகும் லாரிகள் வந்து வரிசையாக நின்றன. ஒருவர் தராசு மாட்டினார். ஒருவர் டீ பாய்லரைப் பற்ற வைத்தார். ஐந்து மணிக்குக் கார் கதவைத் திறக்க இடமில்லை.

குற்றாலிங்கம் எழுந்து நடந்தார். சைக்கிளில் முதலில் வந்த பெண் கூப்பிட்டாள். பெயர் செல்லக்கனி.

"அண்ணாச்சி, முருங்கை பாத்தீகளா? வெரல்ல ஒடிச்சுப் பாருங்க, நார் இருந்தாக் கேளுங்க."

"தெனமும் இங்கதான் போடுதீங்களா?"

"இருவத்தாறு வருசமா. எங்கம்மா போட்ட எடம் இது."

"காலைல பாத்தேன், ஒரு எலை கூடக் கெடக்கலையேம்மா."

செல்லக்கனிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கெடக்குமா? ஏழு மணிக்குக் கலைஞ்சிருவோம். கழிவை மாடு தின்னுரும். காலைல எட்டு மணிக்குள்ள மொறை போட்டுப் பெருக்கிருவோம். இன்னொருத்தர் எடம்லா, ஒரு சொல் வந்துரக் கூடாது. எங்களை மாதிரி சுத்தம் யாரு இருக்கா? ஆள் இருந்த தடமே தெரியாது, கேட்டுக்கோங்க."

குற்றாலிங்கம் இரண்டு கட்டு முருங்கை வாங்கினார். அவள் கட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஏதோ கம்பெனிக்காரன் இதுல வேலி போடப் போறான்னு பேசிக்கிடுதாவ. உள்ளதா அண்ணாச்சி?"

"போட்டா எங்க போவீங்க?"

"எங்க போக? ரோட்டோரம் ஒக்கார விடமாட்டாவ. காயி என்ன, நாளைக்கு வித்துக்கிடலாம்னா கேக்குமா? தோட்டத்துலேயே முத்தும்."

குற்றாலிங்கத்தின் பையில் அந்த அறிக்கை மடித்தபடி இருந்தது. வெளியூர்க்காரர் ஏமாந்துவிடக் கூடாது என்று சில்லறையை ஒவ்வொன்றாக உரக்க எண்ணிக் கொடுத்தாள் செல்லக்கனி. அவருக்கு வெட்கமாக இருந்தது. தன் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார்.

திரும்பும்போது காருக்குள் முருங்கை வாசம். பாதி தூரம் வந்ததும் குற்றாலிங்கம் ஆரம்பித்தார்.

"நாப்பத்தொரு தடவை பாத்தேன், டீச்சர்."

"பத்தரை மணியை நாப்பத்தொரு தடவை பாத்தீங்க."

"நீங்கதானே சொன்னீங்க, ஒரே நேரத்துல எடுத்தாத்தான் ஒப்பிட முடியும்னு?"

"சொன்னேன். பரீட்சையில கேட்டா அதையே எழுதுங்க. முழு மார்க் போடுதேன்."

குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசானது.

"இங்க சந்தை நடக்குதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? புல்லு இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க."

மறுநாள் புது அறிக்கை வந்தது. பழையது பதினான்கு பக்கம், இது மூன்று. 'இந்த இடத்தில் தினமும் மாலையில் சந்தை கூடுகிறது.' பிலோமினா பேனாவை எடுத்தார்.

"ஒரு நாள் போனீங்க. தினமும்னு எழுதியிருக்கீங்க."

"செல்லக்கனி சொன்னா."

"கம்பெனிக்குச் செல்லக்கனியைத் தெரியாதே."

குற்றாலிங்கம் யோசித்தார். பிறகு தன் நாற்பத்தொரு படங்களையும் திரையில் வரிசையாக விரித்தார். ஒவ்வொன்றிலும் அதே பொட்டல். சுற்றிலும் பச்சை ஏறி இறங்கியது, பொட்டல் மட்டும் அப்படியே இருந்தது.

"உவர்மண் இல்ல டீச்சர். உடைமரத்தடியில கால் படாத எடத்துல அருகம்புல்லு கெடந்துச்சு. ரெண்டு மழைக்காலம் முழுக்க இதுல ஒரு புல்லு தலை தூக்கல. நடுவுல பத்து நாள் ஆள் வராம இருந்திருந்தாலும் முளைச்சிருக்கும். படத்துலயே தெரிஞ்சிருக்கும்."

பிலோமினா பேனாவை மூடி வைத்தார்.

"அதையும் எழுதி உங்க பேரைப் போட்டு அனுப்புங்க, அண்ணாச்சி. நான் ஒண்ணும் திருத்தப் போறதில்ல."

எட்டு மாதமாகக் காத்திருந்த வார்த்தை. குற்றாலிங்கம் அறிக்கையைக் கையில் எடுத்தார். கையெழுத்துப் போடும் இடம் வரைக்கும் பேனா போனது. அங்கே நின்றது.

"ஞாயித்துக்கெழமை கூடுதான்னு பாக்கல."

"ஆமா, பாக்கல."

"போயிட்டு வந்து திங்கக்கெழமை அனுப்பட்டுமா?"

"கம்பெனிக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

குற்றாலிங்கம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மனசு நிறைந்திருந்தது. கதவு வரை போனவருக்கு, எட்டு மாதத்தில் ஒருமுறைகூடக் கேட்காத ஒன்று நினைவுக்கு வந்தது.

"உங்களுக்கு இதெல்லாம் யாரு டீச்சர் சொல்லிக் குடுத்தா?"

பிலோமினா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரும் இல்ல, அண்ணாச்சி. என் முதல் அறிக்கையிலயும் 'ஒண்ணுமில்ல'ன்னுதான் எழுதியிருந்தேன். திருத்த ஆளில்லாம அது அப்படியே போயிருச்சு."