காதுக்குப் பின்னால ஒரு சொட்டு

நம்ம டாக்டர் அம்பலவாணன் மூளை ஆபரேஷன்ல பழம் தின்னு கொட்டை போட்டவரு. காதுக்குப் பின்னால எலும்பைக் குடைஞ்சு கட்டி எடுக்கறது மட்டும் அவருக்குப் புதுசு. அதைக் கத்துக்கத்தான், தன்னைவிடப் பத்து வயசு சின்னவங்களான காது டாக்டர் ஜெசிந்தாகிட்ட வந்து சேர்ந்தாரு.

அன்னைக்கு மேசையில படுத்திருந்தது மீன் ஏலம் விடற ஸ்டீபன். "ஏஏய், வஞ்சிரம் வஞ்சிரம்!"னு அவரு கூவுனா, கடலுக்குப் போன போட்டே திரும்பிப் பாக்கும். இப்ப மயக்கத்துல கப்சிப்.

கட்டி வெளிய வந்துருச்சு. மிச்சம் ஓட்டை. அதைச் சரியா அடைக்கலன்னா மூளையைச் சுத்தி இருக்கற தண்ணி காது வழியா மூக்குல எறங்கும். தண்ணி எறங்கற வழியில கிருமி ஏறும். மூளைக்காய்ச்சல் வந்தா ஆளே போயிருவாரு.

ஸ்டீபன் வயித்துலேர்ந்தே கொஞ்சம் கொழுப்பை வெட்டி, அம்சமா ஒரே உருண்டையா, லட்டு மாதிரி உள்ள வச்சாரு அம்பலவாணன்.

"சொட்டு இல்ல மேடம். தைச்சிரலாமா?" குரல்ல மாப்பிள்ளை முறுக்கு.

ஜெசிந்தா மயக்க டாக்டர் பக்கம் திரும்புனாங்க. "ஹமீதாக்கா, மூச்சுப் பையை அமுக்கி மூச்சை அப்படியே புடிங்க."

ஹமீதா அமுக்குனாங்க. நெஞ்சுல காத்து முட்டுனா தலைக்குள்ள அழுத்தம் ஏறும், ஓட்டை மிச்சம் இருந்தா கசியும். ஒண்ணும் வரல.

"நான்தான் சொன்னேனே..."

"இன்னும் விடாதீங்கக்கா."

"இவருக்கு பி.பி. எறங்குது ஜெசி! ரொம்ப நேரம் தாங்காது. அப்புறம் இவரு ஊர்க்காரங்க என்னைய ஏலம் விட்ருவாங்க!"

யாரும் சிரிக்கல. கொழுப்பு ஓரத்துல மினுக்குனு ஒண்ணு. ஒரே ஒரு சொட்டு. கண்ணாடி மாதிரித் தெளிவு.

"விடுங்கக்கா."

அம்பலவாணன் லட்டை வெளிய எடுத்தாரு. ஜெசிந்தா கத்தரிக்கோலை நீட்டுனாங்க. அவரு கொழுப்பை நாடா நாடாவா நறுக்கி, இண்டு இடுக்கு விடாம ஒவ்வொண்ணா திணிச்சாரு.

"அமுக்குங்க டாக்டர்." இந்தத் தடவை சொன்னது அவருதான்.

மூச்சு நின்னுச்சு. ஸ்டீபனுக்கு மட்டுமில்ல, அந்த ரூம்ல இருந்த அத்தனை பேருக்கும்.

சொட்டு வரல.

"முன்னாடியும் காஞ்சுதானே கெடந்துச்சு மேடம்? நீங்க ஏன் நம்பல?"

ஜெசிந்தா தையல் ஊசியை அவரு கையில குடுத்தாங்க.

"இங்க மெஷின் சொல்ற மாதிரி மூச்சு விடறாரு சார். வீட்டுக்குப் போனா, உங்களைக் கேட்டுட்டா தும்முவாரு?"