புலிக்குகையிலிருந்து சுனைக்கு ஒரு பாதை

மருக்கொழுந்து என்ற சருகுமானுக்குச் சொந்தமாக ஒரு சுனை இருந்தது. நாவல் மரத்தடியில், பாறை இடுக்கிலிருந்து ஊறி வரும் தண்ணீர். ஒரு வாய் குடித்தால் இன்னொரு வாய் கேட்கும். ஆனால் குடிக்கத்தான் ஒருவரும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று மருக்கொழுந்துக்குப் புரியவே இல்லை. நமக்குப் பார்த்தவுடன் புரிந்துவிடும். சுனையைச் சுற்றி இண்டம்புதர். முள்ளென்றால் அப்படி ஒரு முள். அந்தப் புதரில் மருக்கொழுந்து ஒரு வாசல் வைத்திருந்தது, தன் உயரத்துக்கு! சருகுமான் எவ்வளவு இருக்கும்? ஒரு முயலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தான் மட்டும் அதில் தாராளமாகப் போய்வந்துகொண்டு, இவ்வளவு பெரிய வாசல் வைத்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையே என்று நாள் முழுக்க அங்கலாய்க்கும்.

அங்கலாய்க்கக் காரணமும் இருந்தது. அந்தக் காட்டில் ஒரு வழக்கம். கோடை முடிந்து முதல் மழை விழும் அன்று, தலைமைக் காட்டெருமை ஒவ்வொரு நீர்நிலையாகப் பார்த்துக்கொண்டே வரும். எங்கே விருந்தாளிகளின் காலடி ஒன்றுகூட இல்லையோ, அந்த இடம் காட்டெருமைகளுக்கு. குடும்பத்தோடு இறங்கிப் புரண்டு சேறாக்கிக்கொள்ளும். கேட்க ஆளில்லை. மருக்கொழுந்தின் வயிற்றிலோ குட்டி இருந்தது. சுனை போய்விட்டால் குட்டியை எங்கே கொண்டுபோய் ஈனுவது?

அந்தக் காட்டில் யாருக்கு எது வேண்டுமானாலும் இருவாச்சியைத்தான் கேட்பார்கள். பெரிய அலகை வைத்துக்கொண்டு உச்சிக் கிளையில் உட்கார்ந்திருக்குமே, அந்தப் பறவைதான். பழம் எங்கே, படுக்க நிழல் எங்கே என்று கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிடும். அதுவும் வரிசையாக வரும். முதலில் சொன்ன இடத்துக்கே எல்லோரும் ஓடிவிடுவார்கள். இரண்டாவதைக் கேட்கக்கூட அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது.

ஒரு நாள் மருக்கொழுந்து மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, குரலை மாற்றிக்கொண்டு, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டது. ஆனைமடு என்றது இருவாச்சி. அடுத்தது பாறைக்குழி, அப்புறம் மூங்கில் ஓடை. சொல்லிக்கொண்டே போனது. கடைசியில் யானை மிதித்த பள்ளத்தில் ஒரு தவளை மட்டும் நனையும் அளவுக்குக் கிடந்த தண்ணீரின் பெயர்கூட வந்துவிட்டது. சுனையின் பெயர் வரவே இல்லை.

மருக்கொழுந்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒளிந்திருந்ததை மறந்து வெளியே வந்துவிட்டது.

"அக்கா, யானைக்கால் பள்ளத்துக்கு இருக்கிற மரியாதை என் சுனைக்கு இல்லையா?"

இருவாச்சி கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தது. "கோபிச்சுக்காதே. மேலே உட்கார்ந்திருக்கிற எனக்குத் தண்ணியோட ருசி எப்படித் தெரியும்? பாதைதான் தெரியும். பலபேர் நடந்து பாதை விழுந்திருந்தா அங்கே ஏதோ இருக்குன்னு அர்த்தம். அதுவும் காடே பேசுற இடத்திலேருந்து ஒரு பாதை வந்தா, அது மத்த பத்துப் பாதைக்குச் சமம். உன் சுனைக்கு ஒரு பாதையையும் காணோமே. வெறும் புதர்தான் தெரியுது."

இதைப் பக்கத்துப் புற்றிலிருந்து ஒரு கீரி கேட்டுக்கொண்டிருந்தது. வாய்ச்சாலகக் கீரி. அது பேச ஆரம்பித்தால் பாறைகூட "சரி" என்று சொல்லிவிடும். மருக்கொழுந்து வீடு திரும்பும் வழியிலேயே குறுக்கே வந்து நின்றது. பாதைதானே, இதற்கா அழுகிறீர்கள் அக்கா, நான் போட்டுத் தருகிறேன் என்றது. முதலிடம் வாங்கித் தந்தால், சுனையில் நண்டு பிடிக்க மட்டும் தன்னை விட வேண்டுமாம். மருக்கொழுந்து தலையை ஆட்டிய வேகத்தில் காது இரண்டும் படபடத்தன.

மறுநாளே கீரி காட்டுப்பன்றிகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. மூக்கால் உழுது பாதை போடுவதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. பட்டமரத்திலிருந்து ஒரு பாதை, யாரும் குடியில்லாத புற்றிலிருந்து ஒரு பாதை, மொட்டைப் பாறையிலிருந்து மூன்று பாதை. அங்கிருந்து யார் வரப்போகிறார்கள்? அதெல்லாம் கீரிக்குக் கவலையே இல்லை. காட்டில் உள்ள எல்லா வழியும் சுனைக்குத்தான் போகிறது போல ஆகிவிட்டது.

அதோடு விட்டதா? இடம் பளபளவென்று இருக்க வேண்டாமா என்று வாசலுக்கு இரண்டு பக்கமும் கட்டுக்கட்டாக மயிலிறகு செருகியது. தலையில் இடிக்கிற மாதிரி தூக்கணாங்குருவிக் கூடுகளைத் தொங்கவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, வருகிறவர்களை வரவேற்க ஒரு கூட்டம் கிளிகளைப் பழக்கி உட்கார வைத்தது. கிளிகளின் வேலை என்ன தெரியுமா? யாராவது வாசலை நெருங்கினால் சடாரென்று முகத்துக்கு நேரே பறந்து வந்து, பேர் என்ன, எந்தக் கூட்டம், தினமும் உங்கள் வீட்டுக்கு வந்து சுனைச் சேதி சொல்லட்டுமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த கிளி வந்து, நிஜமாகவே வேண்டாமா என்று கேட்கும்.

மறுநாள் காலை இருவாச்சி கீழே பார்த்தது. அடேயப்பா, எத்தனை பாதை! சுனையை மூன்றாவது இடத்தில் சொல்லிவிட்டது. அன்றைக்கு ஆனைமடுவில் யானைகள் குளிக்க இறங்கியிருந்தன. பாறைக்குழியில் பாறைதான் இருந்தது. அதனால் ஒரு கரடி சுனையைத் தேடிக்கொண்டு வந்தது. மருக்கொழுந்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கரடி வாசலில் தலையை விட்டது. தலை போனது, தோள் போகவில்லை. மாட்டிக்கொண்டு முழிக்கும்போது கிளிகள் வந்து, பேர் என்ன என்று ஆரம்பித்தன. கரடி பின்னால் இழுத்தது, முள் குத்தியது. முன்னால் தள்ளியது, குருவிக்கூடு மூக்கில் உட்கார்ந்தது. ஒருவழியாகப் பிய்த்துக்கொண்டு போனபோது அதன் முதுகெல்லாம் மயிலிறகு. வழியில் கேட்டவர்களிடமெல்லாம், தண்ணீரைக் கண்ணால் பார்த்தால்தானே ருசி சொல்ல முடியும் என்று முனகிக்கொண்டே போனது.

முனகல் இருவாச்சியின் காதுக்குப் போய்விட்டது. தாழப் பறந்து வந்து ஒவ்வொரு பாதையாகப் பார்த்தது. எங்கேயும் ஒரு வழிப்போக்கனின் காலடி இல்லை. காலடி இல்லாததெல்லாம் ஒரு பாதையா, என்னையே ஏமாற்றப் பார்த்தாயா என்று மருக்கொழுந்தைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டுப் பறந்து போனது. அதற்குப் பிறகு சுனையைப் பெயர் சொல்லிக் கேட்டால்கூட, அப்படி ஓர் இடமே இல்லை என்று சொல்லிவிட்டது. மேற்கே மேகம் வேறு கறுக்க ஆரம்பித்தது. மருக்கொழுந்து சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தது.

கீரி மட்டும் அசரவில்லை.

"அக்கா, ஒரே ஒரு பாதை போதும். காடே பேசுற இடத்திலேருந்து வரணும்னு இருவாச்சி சொல்லிச்சா இல்லையா? பொழுது விடிஞ்சா இந்தக் காட்டுல எல்லாரும் யார் பேரைச் சொல்றாங்க?"

"யார் பேரை?"

"புலியார் பேரை!"

அந்தப் பாதையில் அவரே வந்துவிட்டால் என்ன செய்வது என்று மருக்கொழுந்து கேட்டது. நல்ல கேள்வி. அந்தக் கேள்வியோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. கீரி சிரித்தது. புலியார் பெரிய மனிதர், ஒரு மானைத் தேடி வீட்டுக்கு வருவாரா, பாதை இருக்கிறது என்று இருவாச்சி நினைத்தால் போதாதா என்றது. கறுத்த மேகத்தைப் பார்த்தது மருக்கொழுந்து. தன் வயிற்றைப் பார்த்தது. முதலிடம் என்ற சொல் காதுக்குள் இனித்துக்கொண்டே இருந்தது. சரி என்று சொல்லிவிட்டது.

நடுப்பகலில், புலியார் குறட்டை விடும் நேரமாகப் பார்த்துப் பன்றிகள் போயின. குகை வாசலில் தொடங்கிச் சுனை வரைக்கும் உழுதன. பாதி வழியில் குறட்டை ஒரு நொடி நின்றது. அவ்வளவுதான், பன்றிகள் உழுதுகொண்டே ஓடின ஓட்டம் இருக்கிறதே, பாதை முழுக்கக் காலடி! அத்தனை காலடியும் சுனையை நோக்கி!

மேலேயிருந்து பார்த்தால் புலிக்குகையும் ஒரு பாறைதான். கீரி போட்ட கணக்கு தப்பு, ஆனாலும் பன்றிகளின் ஓட்டம் கைகொடுத்தது. இருவாச்சி பாதையைப் பார்த்தது, காலடியைப் பார்த்தது. இப்படி விழுந்தடித்துக்கொண்டு ஓடிப்போய்க் குடிக்கிறார்கள் என்றால் அது எப்படிப்பட்ட தண்ணீராக இருக்கும் என்று அதற்கே ஆச்சரியம். அன்று மாலை தாகம் என்று யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது.

"முதலில் மருக்கொழுந்து சுனை!"

கூட்டம் வந்தது பாருங்கள். கடமான், புள்ளிமான், பழைய கரடி, முயல், முள்ளம்பன்றி, காட்டுக்கோழி, எல்லாம் வாசலில் வரிசை கட்டி நின்றன. மருக்கொழுந்து உள்ளேயிருந்து வாங்க வாங்க என்று கூவிக்கொண்டே இருந்தது. கீரி நாவல் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பிடிக்கப்போகும் நண்டுகளுக்கு இப்போதே நாக்கைச் சப்புக்கொட்டியது.

அப்போது அந்தப் புதுப் பாதையில், சாவகாசமாக, வாலை ஆட்டிக்கொண்டு புலியார் வந்தார்.

கடமான் போன திசை தெரியவில்லை. கரடி ஓடியது, புள்ளிமான் பறந்தது. குட்டி உருவமாக இருந்த முயலும் முள்ளம்பன்றியும் காட்டுக்கோழியும் வேறு வழியில்லாமல் அந்தச் சின்ன வாசலுக்குள் பாய்ந்துவிட்டன. வாசலுக்கு வெளியே புலியார் நின்றார்.

"என் வீட்டு வாசல்லேருந்து நேரா ஒரு பாதை," என்றார் குழைவாக. "எனக்காகவே போட்டிருக்காங்க. அந்த நல்ல மனசு யாருக்கு?"

அந்த நல்ல மனசு பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு நடுங்கியது. என் குட்டி வெளிச்சத்தைப் பார்க்காமலே போகப்போகிறதே, நானே வழி போட்டு வரவழைத்துவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. புலியார் வாசலில் தலையை விட்டார். தலை உள்ளே வந்தது. மீசை முயலைத் தொட்டது. அதற்கு மேல் தோள் நுழையவில்லை.

கிளிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் தெரியும், ஆள் பார்க்கத் தெரியாது. சடாரென்று முகத்துக்கு நேரே வந்தன.

"பேர் என்ன? எந்தக் கூட்டம்?"

புலியார் திகைத்துப் போனார். "கூட்டமா? நான் தனி."

"தினமும் வீட்டுக்கு வந்து சுனைச் சேதி சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"நிஜமாகவே வேண்டாமா?"

புலியார் உறுமுவதற்காக மூச்சை இழுத்தார். மூச்சோடு சேர்ந்து மயிலிறகு ஒன்று மூக்கில் ஏறியது. போட்டார் பாருங்கள் ஒரு தும்மல்! நாவல் மரமே குலுங்கிப் பழமெல்லாம் அவர் முதுகில் கொட்டியது. பழத்தோடு கீரியும் கொட்டியது. இரண்டாவது தும்மலில் தலை தானாகக் கழன்று வெளியே வந்தது. ஆனைமடுவில் முதலை இருந்தாலும் அது பேர் கேட்பதில்லை என்று சொல்லிக்கொண்டே, மூக்கைத் தேய்த்தபடி புலியார் போய்விட்டார்.

உள்ளே நான்கு பேருக்கும் பயத்தில் தொண்டை வறண்டு போயிற்று. எதிரே சுனை. முயல் ஒரு வாய் குடித்தது. நிமிர்ந்து மருக்கொழுந்தைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து குடித்தது. முள்ளம்பன்றியும் காட்டுக்கோழியும் குடித்தன. முன்வாசல் பக்கம் போக ஒருவருக்கும் தைரியம் இல்லை. அதனால் முயல் பின்புறம் வேருக்கடியில் தோண்டித் தன் வளைக்கு வழி செய்துகொண்டது. முள்ளம்பன்றி கிழக்கே புதரைக் கடித்துக்கொண்டே போனது. காட்டுக்கோழி கிளறிக் கிளறி மூங்கில் பக்கம் போய்ச் சேர்ந்தது.

அவை போனதும் கீரி உடம்பெல்லாம் நாவல் கறையோடு வந்து நின்றது. முதலிடம் வாங்கித் தந்தேனா இல்லையா, நண்டு எங்கே என்று கேட்டது.

"வாங்கித் தந்தே தம்பி, மறுக்கலை," என்றது மருக்கொழுந்து. "முதல்ல உள்ளே தலையை விட்டவர் யாருன்னும் பார்த்தே. நண்டை அவர்கிட்டேயே போய்க் கேளு. பாதை நேராத்தான் இருக்கு."

கீரி அந்தப் பாதையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிர்த்திசையில் ஓடியே போய்விட்டது. பிறகு மருக்கொழுந்து மயிலிறகைப் பிடுங்கி எறிந்தது, குருவிக்கூடுகளை அவிழ்த்தது, கிளிகளை அனுப்பிவைத்தது. புலிப் பாதையை முள்ளால் அடைத்தது. இனி யாரும் வரமாட்டார்கள் என்று தேம்பிக்கொண்டே தூங்கிப்போனது.

காலையில் முயல் வந்தது, நேற்றுத் தான் தோண்டிய வழியாகவே. கூடவே ஐந்தாறு முயல்கள். முள்ளம்பன்றி தன் வீட்டுக்காரியோடு வந்தது. காட்டுக்கோழி குஞ்சுகளைக் கூட்டிவந்து, இங்கே புலித்தலைக்கு மேல் எதுவும் நுழையாது, பயப்படாமல் குடியுங்கள் என்றது. நாளுக்கு நாள் அந்தச் சின்னப் பாதைகள் மிதிபட்டுப் பளிச்சென்று ஆயின.

முதல் மழை விழுந்தது. தலைமைக் காட்டெருமை வந்து குனிந்து பார்த்தது. ஈர மண் முழுக்கப் பொடிப்பொடிக் காலடிகள். அவற்றை மிதிக்காமல் ஒதுங்கி, அடுத்த குட்டையைப் பார்க்கப் போய்விட்டது. அன்று சாயங்காலமே மருக்கொழுந்து குட்டி ஈன்றது.

இப்போதெல்லாம் தண்ணீர் எங்கே என்று யாராவது கேட்டால், இருவாச்சி உடனே பதில் சொல்வதில்லை. கேட்பது பெரிய உருவமா சின்ன உருவமா என்று முதலில் குனிந்து பார்க்கிறது. பெரிய உருவம் என்றால் ஆனைமடு. சின்ன உருவம் என்றால், யோசிக்காமல், மருக்கொழுந்து சுனை.

பெயர் வாங்குவதற்காக நாம் போடும் பாதையில் யார் வேண்டுமானாலும் வருவார்கள். வந்து குடித்தவர்கள் தாமே போட்ட பாதையில்தான் நமக்கு வேண்டியவர்கள் வருவார்கள்.