வயர் எட்டின இடத்தில் ஒரு கேட்

ஆறுக்குட்டி சொன்ன இந்தக் கதையைப் பல வருஷமாக நம்ப முடியவில்லை. அவர் பொய் சொல்லுகிற ஆளும் இல்லை. அதனால் சந்தேகம் அவர் மேல் போகாமல், கதை கேட்டவன் மேலேயே திரும்பி உட்கார்ந்துகொண்டது: நமக்குத்தான் ஏதோ விளங்கவில்லையோ? எந்த இடம் இடிக்கிறது என்பது போன மாதம்தான் பிடிபட்டது.

தாராபுரம் பக்கத்தில், ரிட்டயர்டு வாத்தியார் தெய்வசிகாமணியின் தோட்டத்துக்கு ஆறுக்குட்டிதான் காவல். சுற்றிலும் கம்பிவேலி, ரோட்டோரம் மட்டும் வண்டி நுழைய ஒரு திறப்பு. அந்த வழியாகப் பக்கத்துத் தோட்டத்துப் பழனாத்தாளின் ஆடுகள் வந்து கொய்யாக் கன்றுகளைத் தின்றுவிட்டுப் போகும். பொறுத்துப் பார்த்த வாத்தியார், ஒரு இரும்புக் கேட்டையும் அதை மாட்ட இரண்டு கல்லுக்காலையும் கொண்டுவந்து இறக்கினார்.

"இன்னைக்கே மாட்டிப் பூட்டிரு. சாவிய யார் கைக்கும் எட்டாத எடத்துல போடு. நான் வர்ற வரைக்கும் பூட்டின கேட்டை ஒருத்தரும் தாண்டப்படாது. இனி ஒரு கன்னு போச்சுன்னாலும் உனக்கு இங்க வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்.

 இந்தத் தோட்டத்தை விட்டால் ஆறுக்குட்டிக்கு வேறு போக்கிடம் கிடையாது. மச்சினன் சென்னியப்பனையும், அவன் கூட்டாளி மாரப்பனையும் வரச்சொன்னார். சென்னியப்பனிடம் டிரில்லிங் மிஷின் இருந்தது. மிஷின் இருப்பவனுக்கு யோசனையும் இருக்கும் என்று அவர் நினைத்தார்.

கரண்ட் இருந்தது மோட்டார் ரூமில். வயரை இழுத்துக்கொண்டு மூவரும் ரோட்டை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் வயர் விறைத்து நின்றுவிட்டது.

"மிஷின் கேட்டுகிட்டப் போகாது போலிருக்குது மச்சான்" என்றான் சென்னியப்பன்.

"அப்பக் கேட்டு மிஷின்கிட்ட வரட்டும்" என்றான் மாரப்பன். "ரெண்டுல ஒண்ணு எறங்கி வந்தாத்தான காரியம் நடக்கும்?"

ஆறுக்குட்டிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கேட்டைத் தூக்கிக்கொண்டும் கல்லுக்கால்களை உருட்டிக்கொண்டும் போய், கல்லை மோட்டார் ரூமுக்கு எதிரே நடுத்தோட்டத்தில் நட்டார்கள்.

மிஷினை வைத்தால் கிர்ரென்று சுற்றியது. கல்லில் பொடிகூட உதிரவில்லை. மாரப்பன் குனிந்து பார்த்தான்.

"மாப்ள, இது பின்பக்கமாச் சுத்துது."

"அப்பக் கல்லுக்குப் பின்பக்கம் போய் நின்னு போடோணும்."

சென்னியப்பன் சுற்றிக்கொண்டு போனான். போகிற வழியில் மிஷின் கேட்டில் இடித்து, திசை மாற்றும் சுவிட்ச் தானாக மாறிக்கொண்டது. ஓட்டை அருமையாக விழுந்தது.

"தொழில் தெரிஞ்சவன் தெரிஞ்சவன்தான்" என்றான் மாரப்பன்.

மாட்டி முடித்ததும், ஒரு விரலால் தள்ளினாலே கேட் திறந்தது. அதன் அழகைப் பார்த்தபடியே மோட்டார் ரூம் பக்கமாக நின்று பூட்டினார்கள். சாவியை ஆறுக்குட்டி கிணற்றில் போட்டார். இனி யார் கைக்கும் எட்டாது.

அப்போது ஆடுகள் வந்தன. ரோட்டுத் திறப்பில் நுழைந்து, கன்று கன்றாக நின்று நிதானமாகத் தின்றன.

"ஓடிப்போய் முடுக்கி வெரட்டுங்க மச்சான்."

"எப்படிப் போறது? பூட்டியாச்சே. தாண்டப்படாதுன்னு சொல்லியிருக்காரு."

ஆறுக்குட்டி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் வேலை இலை இலையாகக் குறைவதைப் பார்த்தார். ஒரு கிடா கேட்டைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, சென்னியப்பனின் துண்டைப் பாதி தின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

"கேட்டு வழியா வந்துச்சா?" என்றான் மாரப்பன்.

"வரல."

"அப்ப நம்ம வேலைல குத்தம் இல்ல."

சாயங்காலம் வாத்தியார் வந்தார். வெறும் குச்சிகளாக நின்ற கன்றுகளைப் பார்த்தார். கேட்டைச் சுற்றிக்கொண்டு வந்து எதிரே நின்றார்.

"ஆறுக்குட்டி, இந்த நிமிஷமே வெளிய போயிரு."

"போயிர்றனுங்க. ஆனாப் பூட்டியிருக்குதுங்களே."

"தொற."

"சாவி கெணத்துக்குள்ளீங்க."

வாத்தியார் பூட்டைப் பார்த்தார். கேட்டுக்கு இடதும் வலதுமாக விரிந்து கிடந்த வெட்டவெளியைப் பார்த்தார். எத்தனையோ பையன்களுக்குப் பாடம் எடுத்தவர். எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்று அவருக்குத் தெரியும். மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே போக வழியில்லாததால் ஆறுக்குட்டிக்கு வேலை போகவில்லை. அதே காரணத்தால் மற்ற இருவருக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. பூட்டு இன்றைக்கும் அப்படியே தொங்குவதாக ஆறுக்குட்டி சத்தியம் செய்கிறார்.

இத்தனை வருஷமும் இடித்த இடம் அதுதான். போன மாதம் தாராபுரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்து, மனசைத் திடப்படுத்திக்கொண்டு அவரிடம் கேட்க வேண்டியதாயிற்று:

"ஏனுங்ண்ணா, பூட்டு இன்னும் தொறக்கலைன்னா, நீங்க டீ குடிக்க எப்படீங்க வெளிய வந்தீங்க?"