மாட்டுச் சந்தையில் எழுதிய உரை

ஆசிரியைக்கு நாற்பது வயது. சீடருக்கு ஐம்பத்தைந்து.

சீடர் மருதப்பன் காய்கறி மண்டி வைத்திருந்தவர். மூட்டை தூக்கி, அடி வாங்கி, அடி கொடுத்து, பேசிப் பேசியே மேலே வந்த ஆள். அவர் ஒரு விலை சொன்னால் லாரிக்காரனும் இறங்கிவருவான். ஏதோ ஒரு கூட்டத்தில் அங்கயற்கண்ணி அம்மையார் பேசியதைக் கேட்டார். மறுநாளே மண்டிச் சாவியை மைத்துனன் கையில் கொடுத்துவிட்டு, அம்மையார் குடியிருந்த சைக்கிள் கடை மாடிக்கு ஏறிவிட்டார்.

இரண்டு வருஷம் பாடம் கேட்டார். அதற்குப்பின் ஆசிரியை அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். தம் குருநாதர் பொறுமையைப் பற்றிப் பன்னிரண்டு பாடல்கள் எழுதியிருந்தார். அவற்றுக்கு மருதப்பன் உரை எழுத வேண்டும்.

ஆறு மாதத்தில் ஒரு பாட்டுக்குத்தான் உரை வந்தது.

மருதப்பனின் மனைவி வேலம்மாள் கணக்கை முடித்துவிட்டாள். "தை பிறக்கிற வரைக்கும் எழுதுங்க. முடிச்சிட்டா உங்க இஷ்டம், அந்தம்மாகிட்டயே படிச்சிட்டு இருங்க. முடிக்கலேன்னா மண்டிக்கு வந்து உக்காரணும். என் தம்பிய அங்க ஆளாளுக்கு ஏமாத்துறாங்க."

மருதப்பன் மாசி வரைக்குமாவது தவணை கேட்டுப்பார்த்தார். அவள் இறங்கவில்லை. அவர் வாழ்க்கையில் படியாத ஒரே பேரம் அது.

அன்று மாலை மாடி ஏறிவந்து ஆசிரியை முன்னால் உட்கார்ந்தார்.

"அம்மா, எனக்கு எழுத ஒரு இடம் சொல்லுங்கள். வீட்டில் முடியவில்லை."

"வீட்டில் என்ன?"

"காலையில் உட்காருவேன். வாசலில் கீரைக்காரம்மா வருவாள். ஒரு கட்டுக்கு அவள் சொல்கிற விலையைக் கேட்டால் ரத்தம் கொதிக்கும். எழுந்து போவேன். அவளை முடித்துவிட்டு வந்தால் பழைய பேப்பர்க்காரன். அவன் தராசைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? அவனோடு ஒரு சண்டை. வீட்டுக்காரி வேறு, 'பொறுமைக்கு உரை எழுதுறவரு போடுற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்குது' என்கிறாள்."

"வெளியே போய் எழுதுங்கள்" என்றார் ஆசிரியை.

மருதப்பன் நூலகத்துக்குப் போனார். நான்கே நாளில் திரும்பி வந்தார்.

"ஒரே சத்தம், அம்மா."

"நூலகத்திலா?"

"கீழே ஆட்டோ ஸ்டாண்டு. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு அம்மாவிடம் என்ன கேட்டான் தெரியுமா? பகல் கொள்ளை. இறங்கிப் போய்ப் பாதியாகக் குறைத்து, ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் வந்தேன். உட்கார்ந்தால் அடுத்த சவாரி."

"பின்பக்கம் பழைய கட்டடத்தை இடிக்கிறார்களே, அது தொந்தரவாக இல்லையா?"

மருதப்பன் யோசித்தார். "இடிக்கிறார்களா?"



அடுத்து கோயில் மண்டபம். அதுவும் ஒரு வாரம்தான்.

"அங்கே நாகஸ்வரம் படிக்கிற பிள்ளைகள் சாதகம் பண்ணுவார்கள். அதனால் எழுத முடியவில்லையோ?" என்று ஆசிரியையே கேட்டார்.

"நாகஸ்வரமா? நான் கவனிக்கவில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் பூக்காரி. முழம் போடும்போது கையை எப்படிச் சுருக்குகிறாள் என்கிறீர்கள்! பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்தூணா?"

"ஆற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள்."

போனார். மூன்றாம் நாள் வந்து நின்றார்.

"அங்கே யாருமே இல்லையே, ஐயா?"

"இல்லைதான். அக்கரையில் ஒரு ஆட்டுக்காரன் போனில் கிடாய்க்கு விலை பேசிக்கொண்டே போனான்."

"அக்கரையில் பேசியது இங்கே கேட்டதா?"

"பேசியது கேட்கவில்லை. விலை கேட்டது. ஏமாந்துவிட்டான், அம்மா. கூப்பிட்டுச் சொல்லலாம் என்று ஆற்றில் இறங்கினேன். அதற்குள் போய்விட்டான்." வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

ஆசிரியை சிரித்துவிட்டார். பிறகு, "நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. காகிதத்தை எடுத்துக்கொண்டு விடிந்ததும் வாருங்கள். நானே ஒரு இடம் காட்டுகிறேன்" என்றார்.

மலையடிவாரமா, தோப்பா என்று நினைத்துக்கொண்டு மருதப்பன் பின்னால் நடந்தார். ஆசிரியை ஊருக்கு வெளியே மாட்டுச் சந்தைக்குள் நுழைந்தார்.

ஒரு பக்கம் காளைகள், ஒரு பக்கம் கறவைகள். கன்றைக் காணாமல் ஒரு பசு அடித்தொண்டையில் கத்தியது. லாரியிலிருந்து இறங்க மறுத்த எருமையை நான்கு பேர் தள்ளினார்கள். சாணியும் தூசியும் புகையிலை நாற்றமும்.

மருதப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "கேலி பண்ணுகிறீர்களா? மண்டியை விட்டு ஓடிவந்தவனைச் சந்தையில் கொண்டுவந்து உட்காரச் சொல்கிறீர்களே!"

"இந்த வாகை மரத்தடி நன்றாக இருக்கிறது" என்றார் ஆசிரியை. "சாயங்காலம் வருகிறேன்." போய்விட்டார்.

மருதப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். காகிதத்தை மடியில் வைத்தார். காதைத் தீட்டிக்கொண்டார்.

எதிரே ஒரு விவசாயி ஒரு ஜோடிக் காளையோடு நின்றான். தரகர் ஒருவர் வந்தார். காளைகளின் பல்லைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து, விவசாயியின் கையையும் தன் கையையும் சேர்த்து மூடினார். துண்டுக்குள் விரல்கள் அசைந்தன. விவசாயி தலையை ஆட்டினான். மறுபடி விரல்கள். தரகர் வானத்தைப் பார்த்தார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மருதப்பன் கழுத்தை நீட்டினார். ஒன்றும் தெரியவில்லை. எழுந்து பக்கத்தில் போனார்.

"என்னய்யா விலை போகுது?"

தரகர் துண்டை எடுக்காமலே திரும்பினார். "அண்ணாச்சி மாடு வாங்க வந்தீங்களா, விக்க வந்தீங்களா?"

"ரெண்டும் இல்ல."

"அப்போ நிழல்ல போய் உக்காருங்க. வெயில் ஏறுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மண்டியில் என்றால் அந்தத் தரகரின் சட்டை கிழிந்திருக்கும். மருதப்பன் திரும்பி வந்து உட்கார்ந்தார். இன்னொரு மூலையைப் பார்த்தார். அங்கும் துண்டு. அதற்கு அப்பாலும் துண்டு. அத்தனை பெரிய சந்தையில் நூறு பேரம் நடக்கிறது, ஒரு விலைகூட வெளியே வரவில்லை.

கொஞ்ச நேரம் முகங்களைப் பார்த்து ஊகித்தார். அலுத்துவிட்டது. கோபம் வந்தது. அதுவும் அலுத்தது. கையில் பேனா இருந்தது. எழுதத் தொடங்கினார்.

ஆசிரியை வந்தபோது சந்தை கலைந்துகொண்டிருந்தது. மருதப்பன் நிமிரவில்லை. அவர் வேட்டி ஓரத்தை ஒரு வெள்ளாடு சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது.

"ஐயா."

"கொஞ்சம் இருங்கள். இந்த வரி முடியட்டும்."

ஆசிரியை ஆட்டை விரட்டிவிட்டுக் காத்திருந்தார். அன்று இரண்டு பாடல்களுக்கு உரை முடிந்திருந்தது.

அதற்குப்பின் செவ்வாய்தோறும் மருதப்பன் வாகை மரத்தடியில் இருந்தார். தரகர்கள் பழகிவிட்டார்கள். டீ வாங்கும்போது 'உரைக்கார அண்ணாச்சி'க்கும் ஒன்று சேர்த்து வாங்கினார்கள். முதல்நாள் அவரை விரட்டிய தரகர், சாப்பிடும் நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன எழுதினீங்க, படிங்க பாப்போம்" என்பார். படிக்கக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார். மருதப்பனுக்குக் கோபம் வரவில்லை. அது அவருக்கே ஆச்சரியம்.

மார்கழி பாதி கழிந்தது. ஒன்பது பாடல்கள் முடிந்திருந்தன. அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பி, மாடிப்படிகூட ஏறாமல் கீழேயிருந்தே குரல் கொடுத்தார்.

"அம்மா! மோசம் போனேன்!"

ஆசிரியை கீழேதான் இருந்தார். சைக்கிள் கடை வாசலில் தம் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"மாட்டுச் சந்தை தை பாதியில்தான் கூடுமாம். திடல் முழுக்கப் பொங்கல் கடை போட்டுவிட்டார்கள். கரும்பு, பானை, மஞ்சள் கொத்து. ஒவ்வொருத்தனும் வாய்விட்டு விலை பேசுகிறான். கால் வைக்க முடியவில்லை."

"மீதி எத்தனை?"

"மூன்று. தை பிறக்கப் பதினைந்து நாள்கூட இல்லை. வேறு இடம் சொல்லுங்கள்."

"உங்கள் வீடு இருக்கிறதே."

"அதை விட்டுத்தானே வந்தேன்? அங்கே கீரைக்காரம்மா விலை சொல்வாள்."

"யாரிடம்?"

"என் வீட்டுக்காரியிடம்."

"உங்களிடம் சொல்லும்போது நீங்கள் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஆசிரியை பின்சக்கரத்துக்குக் காற்று அடிக்கக் குனிந்தார்.

மறுநாள் காலை மருதப்பன் வீட்டில் சன்னலோரம் உட்கார்ந்தார். கீரைக்காரம்மாவின் குரல் தெருமுனையில் கேட்டதுமே பேனாவைக் கீழே வைத்தார்.

கூடை இறங்கியது. கீரைக்காரம்மா ஒரு விலை சொன்னாள். அநியாய விலை. வேலம்மாள் குறைத்துக் கேட்டாள். அதுவும் குறைத்த குறைப்பில்லை. மருதப்பனின் கால் தானாகச் செருப்பைத் தேடியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே பேச்சு தொடர்ந்தது. விலைக்கு நடுவில் கீரைக்காரம்மா தன் மகளுக்கு மசக்கை என்றாள். வேலம்மாள் நார்த்தங்காய் ஊறுகாய் இருக்கிறது, தருகிறேன் என்றாள். முழங்கால் வலிக்கு ஏதோ தைலம் சொன்னாள் கீரைக்காரம்மா. எதற்கோ இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். இத்தனை வருஷம் அந்த வாசலில் இதெல்லாம் நடந்ததாக மருதப்பனுக்குத் தெரியாது. அவர் போனாலே கீரைக்காரம்மா கூடையைத் தூக்கிவிடுவாள்.

மேசையை விட்டார். பேனாவை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் வேலம்மாள் உள்ளே வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"உடம்புக்கு என்னங்க?"

"ஒன்றுமில்லை. எழுதுகிறேன்."

"சண்டைக்கு வரலையேன்னு அந்தம்மாவே கேட்டுட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டு, அவள் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

தை பிறந்தது. மைத்துனன் மண்டிச் சாவியைத் தூக்கிக்கொண்டு ஆசையாக வந்தான். வேலம்மாள் அவனுக்கு வயிறு நிறையப் பொங்கல் வைத்து, சாவியையும் கையிலேயே கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். "முடிச்சிட்டாருடா. பேச்சுன்னா பேச்சுதான்."

மருதப்பன் உரையை ஆசிரியையிடம் கொண்டுபோனார். ஆசிரியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் படித்தார். ஒரு இடத்தில் சிரித்தார். ஒரு இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். முடித்துவிட்டு, "நன்றாக வந்திருக்கிறது, ஐயா" என்றார்.

மருதப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இன்னொரு விஷயத்தைச் சொல்லப் படியேறும்போதே துடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அன்றைக்கு அந்தக் கீரையை முடிவாக என்ன விலைக்கு வாங்கினாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை."

"அப்படியா?" என்றார் ஆசிரியை. "என்ன கீரை?"

மருதப்பன் வாயைத் திறந்தார்.

அரைக்கீரையா, சிறுகீரையா? மண்டியில் லாரி லாரியாகக் கீரை இறக்கியவர். அன்று மதியம் அதைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டதுகூட நினைவிருந்தது. எவ்வளவு யோசித்தும் அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

கீழே சைக்கிள் கடையில் யாரோ மணியடித்துப் பார்த்தார்கள்.

ஆசிரியை உரையை அடுக்கி அலமாரியில் வைத்தார்.

"இது இங்கே இருக்கட்டும், ஐயா. மணி ஒன்றாகப் போகிறது. வீட்டுக்குப் போய், என்ன கீரை என்று பார்த்துச் சாப்பிடுங்கள்."